குளிசையா, ஊசியா, லூப்பா, குச்சியா: யார் ஞாபகம் வைத்திருப்பது?

மாமி சொன்னதை நம்பியதால்தான் இரண்டாவதாக என் மகன் பிறந்தான். அதற்காக மாமியோடு கோபமில்லை, இப்போது அவன்தான் அவவின் செல்லம். "பால் குடுக்கிற காலத்தில வராது பிள்ளை, நாங்களெல்லாம் அப்பிடித்தானே இருந்தனாங்கள்" என்றா. முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் இருப்பதை நிறை பார்க்கிற கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் சொன்னபோது மூத்தவளுக்குப் பத்து மாதம், எனக்கோ வாந்தி தொடங்கிவிட்டது. பிள்ளைக்கு ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே குடிக்க வேண்டும். தாய்க்கு மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் ஒன்றாக இருந்தால் 100 பேரில் இரண்டு பேருக்குத்தான் தவறும். என் மகள் ஏழாம் மாதத்திலேயே கஞ்சியும் பூசணியும் கேட்டு அழுதவள்.

இரண்டாவதுக்குப் பிறகு, துடக்குக் கழிந்து சரக்குக்கறியெல்லாம் முடிந்ததும், ஒரு கொப்பியில் கோடு போட்டு, வயிற்றில் தங்காமல் தடுக்கிற எல்லா முறைகளையும் எழுதினேன். அந்தக் கொப்பியை விரித்து எழுதியதுதான் இது. நான் வைத்தியரில்லை, உங்களுடைய இரத்த அழுத்தமும் தலையிடியும் எனக்குத் தெரியாது. கிளினிக்குக்குப் போகும் முன் என்னென்ன கேட்க வேண்டும் என்பதற்கு வேண்டுமானால் இது உதவும்.

முதலில் எண்கள். எதுவுமே பாவிக்காத 100 பேரில் ஒரு வருடத்துக்குள் 85 பேருக்கு வயிற்றில் தங்கும். கடைசி நேரத்தில் வெளியில் எடுத்துவிடுவதை நம்புகிறவர்களில் 20 பேருக்கு. ஆணுறையில் 13, குளிசையில் 7, மூன்று மாத ஊசியில் 4. கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப்பில் ஒன்றுக்கும் குறைவு. கையில் வைக்கும் குச்சியில் 1000 பேரில் ஒருவர் அளவில். இவை அமெரிக்கப் பெண்களை வைத்துப் போட்ட கணக்குகள். யாழ்ப்பாணத்துப் பெண்களின் மறதி அவர்களுடையதை விடக் குறைவென்று நான் நினைக்கவில்லை, கூடவாக இருக்கவும் இடமுண்டு. மறதியும் இந்த எண்களுக்குள் இருக்கிறது: ஒரு நாளும் தவறாமல் எடுத்தால் குளிசையில் 100 பேரில் ஒருவருக்குக்கூடத் தவறாது. அந்த ஒன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் இருப்பது அடுப்படி, ரியூசன், பஸ், காய்ச்சல் பிள்ளை, நித்திரை. கொப்பியின் இடது ஓரத்தில் நான் புதிதாக ஒரு கோடு போட்டேன்: வருடத்தில் எத்தனை தடவை ஞாபகம் வைக்க வேண்டும்? குளிசைக்கு 365, ஊசிக்கு நான்கு, குச்சிக்கு ஐந்து வருடத்தில் ஒரு தடவை, லூப்புக்குப் பத்து வருடத்தில் ஒரு தடவை. பிறகு வந்த எல்லா முடிவும் இந்தக் கோட்டில் இருந்துதான்.

குளிசையும் ஊசியும்

எங்கள் ஊரில் அதிகம் பேசப்படுகிற இரண்டும் இவைதான். 'மித்துரி' என்ற குளிசையின் பெயரைக் கேட்காத பெண் குறைவு. அட்டையில் 28 இருக்கும். 21 ஹோர்மோன், மிச்சம் 7 இரும்புச்சத்து. அந்த ஏழும் நாள் எண்ணுகிற வேலையை மிச்சப்படுத்தத்தான், தினம் ஒன்று என்ற பழக்கம் விடுபடாமல் இருக்கும். மாதவிடாய் மணிக்கூடு போல வரும், இரத்தப்போக்குக் குறையும், வயிற்றுக்குத்தும் குறையும். சூலகத்திலும் கருப்பைச் சுவரிலும் புற்றுநோய் வருகிற வாய்ப்புக் குறைகிறது என்பதும் நன்றாக உறுதிப்பட்ட விடயம். நிறுத்தினால் சீக்கிரமே பழைய நிலைக்குத் திரும்பலாம். ஒருநாள் மறந்தால் ஞாபகம் வந்தவுடன் போட்டுவிட்டு மற்றதை வழமையான நேரத்தில் எடுக்கலாம். இரண்டு நாள் அல்லது அதற்கு மேல் மறந்தால் அடுத்த ஏழு நாளைக்கு ஆணுறையும் வேண்டும்.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பால் குடிக்கிற பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும் வரை இந்த இரட்டை ஹோர்மோன் குளிசையைத் தவிர்க்கச் சொல்வார்கள். இரத்தம் உறைகிற வியாதி வந்தவர்களுக்கும், பிரஷர் கூடியவர்களுக்கும், கண்ணுக்குள் மின்னல் வெட்டிவிட்டு வருகிற ஒற்றைத் தலையிடிக்காரருக்கும் இது ஆகாது. பாமசியில் கேட்டவுடன் தந்துவிடுவதால் இந்தக் கேள்விகளைக் கேட்க ஆளில்லாமல் போகிறது. ஒரு தடவையாவது பிரஷர் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான சில மருந்துகளும் குளிசையின் வேலையைக் கெடுக்கும். குச்சிக்கும் அதே கதைதான்.

ஊசிக்காரிகள் சொல்கிற ஒரே காரணம் "ஒருத்தருக்கும் தெரியாது" என்பதுதான். அலுமாரியில் அட்டை இல்லை, மாமி கேட்க ஒன்றுமில்லை. கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற போக்கில் போட்டுக்கொண்டு வரலாம். பிள்ளைக்கு ஆறு கிழமை ஆன பிறகு பால் கொடுப்பவர்களும் போடலாம். ஆனால் முதல் மாதங்களில் போக்கு எப்போது வரும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரு வருடம் போனால் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு அடியோடு நின்றுவிடும். "கெட்ட இரத்தம் உள்ளுக்க தங்குது" என்று பயப்படுகிறார்கள். தங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, கருப்பைச் சுவர் தடிக்காததால்தான் வராமல் இருக்கிறது. நிறை கூடுவது மட்டும் வெறும் கதை இல்லை, சிலருக்கு நன்றாகவே கூடும். எலும்பின் அடர்த்தியும் சற்றுக் குறையும், நிறுத்தினால் திரும்ப ஏறும்.

என்னை ஊசியில் இருந்து விலக்கியது வேறு. நிறுத்திய பிறகு திரும்பக் கருத்தரிக்க, கடைசி ஊசியில் இருந்து சராசரியாகப் பத்து மாதம் போகும். "ஒரு வருசம் மட்டும் தள்ளிப் போடுவம்" என்கிற புதுத் தம்பதிக்கு இது சரிவராது. தவணை இன்னொரு சிக்கல். நெடுந்தீவில் படிப்பிக்கிற என் சிநேகிதி கிழமை நாளெல்லாம் அங்கே, அவளுடைய ஊர்க் கிளினிக்கும் கிழமை நாளில். 2022 இல் பெற்றோலுக்குச் சனம் வரிசையில் நின்ற மாதங்களில் இரண்டு தவணை பிந்திவிட்டது. நான்கு கிழமை வரை பிந்தினாலும் போடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவளுக்கு அது தெரிந்திருந்தால் அந்த நித்திரையில்லா இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

லூப்பும் குச்சியும்

லூப்பைப் போல அவதூறு சுமந்த பொருள் வேறில்லை. நெஞ்சுக்கு ஏறும், மனுசனுக்குக் குத்தும், தண்ணீர்க் குடம் தூக்கினால் கழரும். கருப்பை ஒரு மூடிய அறை, அதிலிருந்து நெஞ்சுக்கு வழியில்லை. வைக்கிற நேரத்தில் சுவரைத் துளைக்கிற ஆபத்து உண்டு, ஆயிரத்தில் ஒன்றிரண்டு. தானாக வெளியில் வந்துவிடுவதும் உண்டு, முதல் வருடத்தில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு. அதனால்தான் மாதவிடாய் முடிந்ததும் விரலால் நூல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். செப்பு விந்தணுக்களை முடமாக்கிவிடுகிறது, அது முட்டையிடம் போய்ச் சேராது. ஆகவே இது கருவைக் கலைக்கிற வேலை இல்லை. இதைச் சொன்ன பிறகுதான் என் அக்காவின் மனம் ஆறியது. ஹோர்மோன் கிடையாது, பால் குறையாது, எடுத்தவுடன் அடுத்த மாதமே கருத்தரிக்கலாம். பிள்ளை பிறந்து 48 மணித்தியாலத்துக்குள் வைக்கலாம், தவறினால் நாலு கிழமை போக வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் ஏன் வைக்கவில்லை? முதல் மூன்று தொடக்கம் ஆறு மாதம் போக்குக் கூடும், குத்தும் கூடும். எனக்கு இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஹீமோகுளோபின் 9 சொச்சம். முருங்கையிலையும் இரும்புக் குளிசையுமாக ஏற்றிக்கொண்டிருந்தவள் ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ள வேண்டாம் என்று நினைத்தேன். இரத்தம் சரியாக உள்ள, இரண்டு பிள்ளையோடு காணும் என்ற பெண் என்னிடம் கேட்டால் முதலில் லூப்பைத்தான் சொல்வேன். ஹோர்மோன் லூப் என்று இன்னொன்று உண்டு. அது போக்கைக் குறைக்கும், ஆனால் தனியாரிடம்தான், விலையும் எங்களுக்கு எட்டாது.

குச்சி என்பது ஹோர்மோன் உள்ள, நெருப்புக்குச்சி அளவில் இரண்டு. மேல் கையின் உட்பக்கத்தில், மரப்பு ஊசி போட்டு, தோலுக்குக் கீழே வைப்பார்கள். ஐந்து வருடம். மறப்பதற்கு ஒன்றுமே இல்லை. இதன் ஒரே பெரிய தொல்லை ஒழுங்கில்லாத போக்கு. சிலருக்குச் சொட்டுச் சொட்டாகப் பல நாள், சிலருக்கு மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. உடம்புக்கு இது கெடுதலில்லை என்று துண்டுப்பிரசுரத்தில் இருக்கும். ஆனால் நல்லூர்த் திருவிழா 25 நாளும், கேதாரகௌரி விரதம் 21 நாளும் உள்ள ஊரில் 'சொட்டு' என்பது எப்படிப்பட்ட தொல்லை என்று அதில் இல்லை. சொட்டு வந்தால் வாசலோடு நிற்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பலர் எடுக்கச் சொல்லிக் கேட்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

குச்சியைப் பற்றிப் பேசினால் இங்கே இன்னொன்றும் எழும். 2013 இல் கிளிநொச்சிக் கரையோரக் கிராமங்களில் பெண்களுக்குச் சரியாக விளக்காமல், நிர்ப்பந்தித்து இதை வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. "இவ்வளவு சனம் செத்துப்போச்சு, நீங்கள் வேற நிப்பாட்டுறியள்" என்று என் பெரியப்பா முகத்துக்கு நேரே கேட்டார். பெரியப்பாவுக்கு நான் கொடுத்த பதில் குறுகியது: "பெத்தால் வளக்கிறது நான்தானே பெரியப்பா." குச்சியில் எனக்குப் பயமில்லை. என்ன வைக்கிறார்கள் என்று கேட்டேன், காட்டினார்கள். வேண்டாமென்றால் எந்த நாளும் எடுக்கலாம் என்பதை இரண்டு தடவை சொல்ல வைத்தேன். வைக்கப்போகும் எந்தப் பெண்ணும் அந்த இரண்டாம் தடவையைக் கேட்காமல் கையை நீட்டக் கூடாது.

ஆம்பிளையள் பக்கம்

ஆணுறையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பால்வினை நோய்களில் இருந்தும் எச்.ஐ.வி.யில் இருந்தும் காப்பது அது ஒன்றுதான், மேலே சொன்ன எதுவும் காக்காது. கணவன் கப்பலிலோ வெளிநாட்டிலோ இருந்து வருடத்தில் ஒரு மாதம் வந்து போகிற வீடுகளுக்கு, வருடம் முழுக்க ஹோர்மோனைச் சுமப்பதை விட இதுவே போதும். சுன்னாகத்துக் கடையில் தெரிந்த முகம் என்று என் மனுசன் 'பிரீத்தி' வாங்க யாழ்ப்பாண ரவுணுக்குப் போய் வருவார். பஸ் காசையும் செலவில் சேர்க்க வேண்டும்.

கிழிந்தாலோ, மறந்தாலோ போஸ்ரினோர் என்ற அவசரக் குளிசை 72 மணித்தியாலத்துக்குள், முந்தினால் நல்லது. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, ஏற்கெனவே தங்கியதை ஒன்றும் செய்யாது. ஐந்து நாளுக்குள் செப்பு லூப் வைத்தால் அதைவிட நிச்சயம். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிற நாட்டில், இந்த மூன்று நாட்களை வெட்கத்தில் வீணாக்குவது நல்லதில்லை.

கடைசி வரி நிரந்தர முறை. பெண்ணுக்குக் கருக்குழாயைக் கட்டுகிற எல்.ஆர்.டி., சிசேரியனோடு சேர்த்துச் செய்தால் தனி வெட்டு இல்லை. 200 பேரில் ஒருவருக்குத் தவறும். ஆணுக்கு விந்துக்குழாயைக் கட்டுகிற வசெக்டமி, மரப்பு ஊசி, அரை மணித்தியாலத்துக்குள் முடியும், அன்றைக்கே வீடு. தவறுவது அதைவிடக் குறைவு. மூன்று மாதம் வேறு பாதுகாப்போடு இருந்து, விந்தைப் பரிசோதித்து, ஒன்றுமில்லை என்றான பிறகு கவலையில்லை. ஆண்மையைத் தருகிற ஹோர்மோன் இரத்தத்தில்தான் போகிறது, கட்டுகிற குழாயில் இல்லை. எந்தக் கோட்டில் போட்டுப் பார்த்தாலும் வசெக்டமிதான் வெல்கிறது. செய்த ஆம்பிளை ஒருவரை மட்டும் என் சொந்தத்தில் இதுவரை காணவில்லை.

வவுனியாவில் வேலை பார்த்துவிட்டு வெள்ளி இரவு வருகிற என் மனுசனிடம் கொப்பியைக் காட்டினேன். கடைசி வரிக்கு வந்ததும் தேத்தண்ணி கேட்டார்.

"இஞ்சாருங்கோ, வாசிச்சனீங்களோ?"

"சின்னவன் ஒருக்கா வளரட்டும், அப்ப பாப்பம்."

"எத்தினை வருசத்தில?"

"ஒரு அஞ்சு வருசம்."

குச்சி வைத்து எட்டு மாதமாகிறது. திருவிழாவில் மூன்று நாள் வாசலில் நின்றேன், தேருக்கு உள்ளே போனேன். எடுக்க வேண்டிய திகதியைக் கார்டில் எழுதித் தந்திருக்கிறார்கள். அதே திகதியை அவருடைய ஃபோனில் நானே போட்டு, ஒரு மாதம் முந்தி அலாரம் அடிக்க வைத்திருக்கிறேன். என்னுடைய ஃபோனில் போடவில்லை.