ஊசிக்கு ஓரிடம், காய்ச்சலுக்கு ஓரிடம்: கொங்குப் பக்கம் குழந்தைக்கு எங்கே போவது?

பிரசவ நாள் நெருங்கும்போது நம் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "ஊசியெல்லாம் நம்மூரு சப்-சென்டர்லயே போட்டுக்கலாமுங்க" என்று அரசுத் துணை சுகாதார நிலையத்தைச் சொல்வார் ஒருவர். "அங்கெல்லாம் எதுக்குங்க, கோயமுத்தூர்ல நல்ல குழந்தை டாக்டரா பாத்துக்கலாம்" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. எந்த வேலைக்கு யார் என்று பிரித்துக்கொண்டால் செலவும் குறையும், அலைச்சலும் குறையும்.

முதலில் தடுப்பூசி. இதில் நான் அரசுப் பக்கம். பிறந்ததும் பி.சி.ஜி., ஹெபடைடிஸ் பி, போலியோ சொட்டு; 6, 10, 14 வாரங்களில் பெண்டாவேலன்ட் (கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), ரோட்டா (வயிற்றுப்போக்குக்கான சொட்டு), போலியோ; 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. புதன்கிழமை போனால் எல்லாம் இலவசம். முன்பு நிமோனியா ஊசிக்காகத் தனியாரிடம் போவதில் நியாயம் இருந்தது. 2021-இல் அதுவும் தமிழ்நாட்டின் அரசுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சின்னம்மை, டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, பொன்னுக்கு வீங்கி, ஃப்ளூ ஊசிகளுக்குத்தான் இன்னும் தனியார் கிளினிக். கையில் காசு இருந்தால் அவற்றை மட்டும் அங்கே போட்டுக்கொள்ளலாம்.

பெண்டாவேலன்டுக்குப் பதிலாக "வலியில்லாத ஊசி" என்று தனியாரில் சில ஆயிரங்கள் வாங்குகிறார்களே, அது? காய்ச்சலும் வீக்கமும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கக்குவான் இருமலுக்கு எதிரான பாதுகாப்பு, வலிக்கிற பழைய ஊசியில்தான் நீண்ட நாள் நிற்கிறது. ஒரு ராத்திரி சிணுங்கலைத் தவிர்க்க இத்தனை செலவு தேவையா என்பது அவரவர் பாடு.

இலவசம் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. தனியார் கிளினிக்கில் ஒரு ஊசியைத் தவறவிட்டால் அதிகம் போனால் ஒரு குறுஞ்செய்தி வரும். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் உங்கள் குழந்தையின் பெயர் இருக்கிறது. வரவில்லை என்றால் போன் செய்வார், வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார். திட்டும் விழலாம். எந்த வீட்டில் மாமியார் ஊசிக்குத் தடை சொல்கிறார், எந்தத் தோட்டத்துச் சாளையில் புதிதாக ஒரு கைக்குழந்தை வந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிரசவம் தனியாரில் என்றாலும் கர்ப்பத்தைப் பதிந்து 'பிக்மி' எண் வாங்கியாக வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கு அது தேவை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அதே பதிவுதான். தகுதியுள்ள தாய்க்குப் பணமாக 14,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகமாக 4,000 ரூபாய், ஆக 18,000. எப்படியும் அந்தச் செவிலியரைப் பார்க்கத்தான் போகிறோம், முதல் மாதத்திலேயே பழகிக்கொள்வது நல்லது.

காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்றால் கணக்கு மாறுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பகலில் பார்க்கலாம். இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் நிலையங்களிலும் ராத்திரியில் பெரும்பாலும் செவிலியர்தான். பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து எட்டரைக்கு வீடு வரும் தாய்க்கு அந்த நேரம் ஒத்துவராது. பல்லடத்திலும் காங்கேயத்திலும் கோபியிலும் குழந்தை டாக்டர் கிளினிக்குகள் ராத்திரியில் நிரம்பி வழிவதற்குக் காரணம் இதுதான், அரசு மருந்தின் மேல் அவநம்பிக்கை அல்ல. நகரங்களில் 2023 முதல் வந்திருக்கும் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 வரையும் இயங்குவதால் இந்த இடைவெளி கொஞ்சம் அடைபட்டிருக்கிறது.

தனியார் கிளினிக்கில் பிடிக்காதது, சாதாரண சளிக்கும் நீளும் மருந்துச் சீட்டு. "இந்த ஆன்டிபயாட்டிக் எதுக்குங்க டாக்டர்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கே போவது என்று யோசிக்கவே நேரமில்லாத சில நிலைமைகளும் உண்டு. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, மூச்சிழுக்கையில் நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு. இதற்கெல்லாம் டோக்கன் போட்டுக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, பச்சிளங்குழந்தைப் பிரிவு இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கோவை, திருப்பூர், நாமக்கல், கரூர், பெருந்துறை என அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் நம் பக்கம் நிறையவே இருக்கின்றன. தாளவாடி மாதிரி இடங்களில் இது லேசில்லை. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிச் சத்தியமங்கலம் வருவதைவிடக் கர்நாடகத்துச் சாம்ராஜ்நகர் கிட்டத்தில் இருப்பதால் மாநிலம் தாண்டிப் போகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வளர்ச்சியில் சந்தேகம் வந்தால் குடும்பங்கள் தப்பான வாசலில் போய் நின்று அதிகம் இழக்கின்றன. ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தைகூட வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று ஒரு வருடம் போகும். அப்புறம் மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் தெரபி சென்டர். மாவட்ட அரசு மருத்துவமனை வளாகத்தில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் குழந்தை டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சி, காது-கண் பரிசோதனை எல்லாம் ஓரிடத்தில், காசில்லாமல் கிடைக்கும். அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை வரும் நடமாடும் மருத்துவக் குழு பார்த்து அனுப்பிவைக்கும், நாமாகவும் போகலாம். கூட்டம் இருக்கும், அடிக்கடி நேரம் கிடைக்காது. அதனால் முழுப் பரிசோதனையை அங்கே முடித்துவிட்டு, கூடுதல் பயிற்சி தேவைப்பட்டால் மட்டும் வீட்டுக்குப் பக்கத்தில் தனியாரை வைத்துக்கொள்வது என் யோசனை.

அங்கன்வாடியைச் சோறு போடும் இடமாக மட்டும் நினைப்பவர்கள் அங்கிருக்கும் எடை மிஷினை மறந்துவிடுகிறார்கள். மாதாமாதம் எடை போட்டு அட்டையில் கோடு இழுக்கிறார்கள். கோடு படுத்துவிட்டால் அடுத்த மாதமே தெரியும். ஆறு மாதத்துக்கு மேல் தரும் சத்துமாவும், விளம்பரத்தில் வரும் டப்பா மாவை நினைத்துக் கழித்துவிடக் கூடியதல்ல.

அம்முச்சியின் (அம்மாவைப் பெற்றவரின்) வைத்தியமும் போட்டியில் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, பத்தியச் சமையல், ராத்திரி குழந்தையை வாங்கிக்கொண்டு தாயைத் தூங்கவிடுவது: இவற்றை எந்த மருத்துவமனையும் தராது. ஆனால் கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர், தொக்கம் எடுப்பது (உள்ளே சிக்கியிருப்பதாகச் சொல்லி எடுப்பது), மூக்கில் எண்ணெய் விடுவது நான்குக்கும் உறுதியாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும்.

தாயின் மனசு விஷயத்தில் அரசும் தனியாரும் ஒரே அளவு மோசம். பிள்ளை பெற்றவள் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால் இரண்டு இடத்திலும் பெரும்பாலும் சத்து மாத்திரைதான் கிடைக்கும். அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் நேராகப் போகலாம்.

மில், கம்பெனி வேலைக்காரர்களுக்கு இன்னொரு வழி இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு. அதில் குழந்தைக்கும் சிகிச்சை உண்டு. அதற்குக் குழந்தையின் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும், பலர் இதைச் செய்வதில்லை. வேலை பார்க்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதற்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) மொத்தம் 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதால், கர்ப்பமாக இருக்கும்போது கம்பெனி மாறுவதாக இருந்தால் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு மாறுங்கள்.