மூன்று வருஷமாகக் கேள்வி கேட்கும் வட்டத்தில்

மலேசியாவின் கோலகங்சாரில் முதியோரைப் பார்க்கப் போகிற தொண்டர்களைக் கவனித்துக்கொள்ளும் தங்கச்சி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "அக்கா, நீங்க போற வட்டம் நெசமாவே உதவுதா? இங்கயும் ஒன்னு ஆரம்பிக்கலாமா?"

சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஆறு பேர். கோயில் அன்னதானம், ரத்ததானம், பையன்களின் பந்து விளையாட்டு என்று ஆளுக்கு ஒரு தொண்டர் கூட்டம். எனக்கு எஸ்பிஎம் டியூஷன், அதாவது ஐந்தாம் படிவப் பரீட்சைக்கான வகுப்பு. மாதம் ஒரு ஞாயிறு, சாப்பாட்டுக் கடையின் பின்பக்க மேசை. ஒருவர் தன் சிக்கலைச் சொல்வார். மற்றவர்கள் கேள்வி மட்டும்தான் கேட்கலாம், யோசனை சொல்லக் கூடாது. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சிக்கலைச் சொன்னவரே முடிவு செய்து நோட்டில் எழுத வேண்டும். 1940களில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்க மேலாளர்களை ரெக் ரெவன்ஸ் என்ற கல்வியாளர் இப்படித்தான் சிறு குழுக்களாக உட்காரவைத்தார். தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்) அதட்டினால் வேலை நடந்தது. சம்பளமே வாங்காதவரை எதைச் சொல்லி அதட்டுவது?

முதல் வருஷம், டியூஷனுக்குத் தொண்டராக வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைப் பற்றிப் புலம்பினேன். ஏழரைக்கு முடியும் வகுப்பை விட்டு ஆறே முக்காலுக்கே கிளம்பிவிடுவார். அவரை நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். அன்னதானத்து அக்கா நிதானமாகக் கேட்டார்: "அவர் வந்த மொத நாள் என்ன வேலைன்னு சொன்னீங்க?"

என்னிடம் பதில் இல்லை. "வாங்க சார், பாத்துக்கலாம்" என்றதோடு சரி. மேசையில் யாரும் வாய் திறக்கவில்லை, தேத்தண்ணி ஆறிப்போனது. மறுநாள் அவர் வீட்டுக்கே போய்ப் பேசினேன். இருட்டினால் கண் சரியாகத் தெரியாதாம், மோட்டார் ஓட்ட முடியாதாம். வகுப்பை மூன்று மணிக்கு மாற்றினேன். இன்றுவரை ஒரு சனிக்கிழமைகூட அவர் தவறவிட்டதில்லை. எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஆனால் கேள்வி மட்டும் என்ற அந்த ஒரு விதியைத்தான் வட்டத்தில் இருப்பவர்களால் காப்பாற்ற முடிவதில்லை. "ஒரு வாட்சாப் குழு தொடங்கலாமே?" என்பது கேள்வியா? வாலில் கேள்விக்குறி ஒட்டிய யோசனை!

போன ஞாயிறு என் முறை. எஸ்பிஎம் முடித்து எனக்குக் கைகொடுத்த பிள்ளைகள் வருஷா வருஷம் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விடுகிறார்கள். இந்தத் தடவை நான்கு பேர். புது ஆளைப் பழக்க எனக்கே தெம்பில்லை என்பதைச் சொல்லத்தான் போனேன். பந்து விளையாட்டு அண்ணன் இருபது நிமிஷம் டீ-சட்டை அடிப்பது, சான்றிதழ் கொடுப்பது என்றே பேசினார். நேரம் முடிந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. போன வருஷம் நானும் அவருக்கு இதையேதான் செய்தேன், அவர் பொறுத்துக்கொண்டார். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் தங்கச்சி, இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மூன்று வருஷத்தில் முதல் முறையாக, நோட்டில் என் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதாமல் வந்திருக்கிறேன்.