கப்பலுக்குப் போன முன்னோரைத் தேடித் தருவதாகச் சொல்லி நடக்கும் மோசடி

தூத்துக்குடி, மணப்பாடு, வேம்பாறு, புன்னைக்காயல் பக்கம் உள்ள பழைய குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள். கப்பலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றிய பேச்சு பல வீடுகளில் இருக்கும். அப்படி ஒருவரை நீங்களும் தேடிக்கொண்டிருந்தால், யாருக்காவது பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். குடும்ப வரலாற்று ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் எங்களிடம் 27,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் அம்மாவின் தாத்தாவுக்கு ஒரு பொய்ச் சாவை எழுதிக் கொடுத்திருக்கிறார். பணம் போனதைவிட அந்தப் பொய்தான் என்னை இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறது.

தாத்தா தோணியில் கொழும்புக்குப் போய் வந்துகொண்டிருந்தவர். முதல் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னால், கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்கு ஏறினார் என்பது வீட்டில் வழிவழியாக வரும் பேச்சு. நம்பக்கூடிய பேச்சுதான். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் நீராவிக் கப்பல்கள் கரி பிடிக்க நிற்கும் பெரிய துறைமுகம் கொழும்பு. ஆனால் கப்பலின் பெயர் யாருக்கும் தெரியாது. பிரிட்டிஷ் கப்பல்களின் பணியாளர் பட்டியல்கள் கப்பலுக்குக் கொடுத்த பதிவெண்படிதான் அடுக்கப்பட்டிருக்கின்றன, ஆள் பெயர்படி அல்ல. கப்பல் தெரியாவிட்டால் தேடுவது பெரும்பாடு. அந்த இடைவெளியில்தான் இவர் நுழைந்தார்.

ஆள் வாட்ஸ்அப்பில் அறிமுகமானார். பேச்சு மிகவும் மரியாதையாக இருந்தது. பெரியம்மாவிடம் "அம்மா, உங்க தாத்தா எங்க இருக்காருன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன், நீங்க நிம்மதியா இருங்க" என்றார். முன்பணம் 15,000. கொஞ்ச நாள் கழித்து, லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குள் போக அனுமதிக் கட்டணம், படியெடுக்கும் கட்டணம் என்று இன்னொரு 12,000. இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கியூ காப்பகத்துக்குள் போகக் கட்டணம் கிடையாது. வாசகர் அட்டையும் இலவசம். சொந்தக் கேமராவில் ஆவணத்தைப் படம் எடுத்துக்கொள்ளவும் காசு வாங்குவதில்லை. அனுமதிக் கட்டணம் என்று யாராவது கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை வந்தது. வண்ணத்தில், கப்பல் படத்தோடு, முத்திரை மாதிரி ஏதோ ஒன்றோடு. தாத்தா 1912-இல் மத்திய மாலுமிப் பதிவேட்டில் சேர்ந்தாராம், புகைப்படம் ஒட்டிய அட்டை எண் கூடக் கொடுத்திருந்தார். பிறகு தேயிலை ஏற்றிப் போன டிப்ளமேட் என்ற கப்பலில் வேலை செய்தாராம். 1914 செப்டம்பர் 13 அன்று வங்காள விரிகுடாவில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் அதை மூழ்கடித்தபோது கப்பலோடு போய்விட்டாராம்.

பெரியம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். "தாத்தாவுக்கு இதுவரை ஒரு பூசைகூட நாள் தெரிஞ்சு வைக்கலியேப்பா" என்று அழுதுவிட்டு, அந்தத் தேதிக்குக் கோயிலில் துக்கப் பூசைக்குக் கொடுத்துவிட்டார். உறவினர்கள் எல்லாரும் போய் நின்றோம்.

அறிக்கையை அதன் பிறகுதான் வரிவரியாகச் சரிபார்த்தேன். எம்டன் என்ற பெயரைக் கேட்டாலே நம் ஊரில் எல்லாருக்கும் காது நிமிரும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்த கப்பல். டிப்ளமேட் கப்பலை எம்டன் மூழ்கடித்ததும் உண்மை, தேதியும் உண்மை. ஆனால் எம்டனின் தலைவர் ஃபோன் முல்லர், சரக்குக் கப்பல்களைப் பிடித்தால் முதலில் ஆட்களை இறக்கிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடிப்பார். அதற்காக எதிரிநாட்டுப் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின. டிப்ளமேட் ஆட்களையும் அப்படித்தான் இறக்கி, காபிங்கா என்ற கப்பலில் ஏற்றிப் போகவிட்டார்கள். சென்னைத் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் குண்டுபட்டுச் சிலர் இறந்தது வேறு சம்பவம். ஆக, தாத்தா டிப்ளமேட்டில் இருந்தார் என்றே வைத்துக்கொண்டாலும் கப்பலோடு போயிருக்க வழியில்லை.

அடுத்து அந்த 1912 அட்டை. பிரிட்டனில் 1857-இலிருந்து 1913 வரை மாலுமிகளை ஆள்வாரியாகப் பதியும் மத்தியப் பதிவேடே இல்லை. 1913-இல் மறுபடி தொடங்கினார்கள், அதிலும் முதல் சில ஆண்டுகளின் அட்டைகள் அழிந்துவிட்டன. புகைப்படம் ஒட்டிய அட்டைகள் 1918-க்குப் பிறகு வந்தவை. இல்லாத பதிவேட்டுக்கு எண் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இதையெல்லாம்கூட அறியாமை என்று விட்டிருப்பேன். ஆனால் ஆதாரம் என்று கடைசியில் இணைத்திருந்த பக்கம் என்ன தெரியுமா? 1915-ஆம் ஆண்டுப் பணியாளர் பட்டியல். செப்டம்பர் 1914-இல் இறந்தவர் 1915-இல் எப்படிக் கப்பலில் கையெழுத்துப் போடுவார்? அந்தப் பக்கத்தை உருப்பெருக்கிப் பார்த்தேன். எங்கள் தாத்தாவின் குடும்பப் பெயர் பெர்னாண்டோ. அங்கே இருப்பது பெர்னாண்டஸ். பிறந்த இடம் கோவா. வேலை கப்பல் உணவுக்கூடத்தில். பெரிய பயணிகள் கப்பல்களில் கோவாக்காரர்கள் அந்த வேலையில் நிறைய இருந்தார்கள். முதல் பெயர் மட்டும் தாத்தாவின் ஞானஸ்நானப் பெயரோடு ஒத்துப்போகிறது. புனிதர் பெயர் வைக்கும் வழக்கம் உள்ள இரண்டு கடற்கரைகளில் அப்படி ஒத்துப்போகாவிட்டால்தான் ஆச்சரியம். பிறந்த இடம் எழுதியிருக்கும் கட்டத்தின் மேல், நிழல் விழுந்த மாதிரி ஒரு கறையை ஏற்றியிருந்தார். அதைப் பார்த்த பிறகு இவரை அறியாதவர் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த 1915 பட்டியல் முழுவதும் இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. கிரீனிச்சில் இருக்கும் தேசியக் கடல்சார் அருங்காட்சியகமும் கியூ காப்பகமும் சேர்ந்து, தன்னார்வலர்களை வைத்துப் படியெடுத்தது. 39,000 பட்டியல்கள், ஏழரை லட்சத்துக்கும் மேல் பெயர்கள். பெயர், வயது, பிறந்த இடம் போட்டு யாரும் தேடலாம். நம் பெயர்களை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதால் பலவிதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆய்வாளரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது முதலில் "ஆவணத்துல எழுத்துப் பிழை இருக்கும் சார்" என்றார். 1914-இல் இறந்தவர் 1915-இல் எப்படி என்று கேட்டேன். அன்று மாலையே என் எண்ணையும் பெரியம்மா எண்ணையும் தடுத்துவிட்டார். மணப்பாட்டில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திடம் இதைச் சொன்னபோது அவர்கள் ஓர் அறிக்கையை எடுத்துக் காட்டினார்கள். அதே டிப்ளமேட், அதே செப்டம்பர் 13, அதே கப்பல் படம். முன்னோரின் பெயர் மட்டும் வேறு. அவர்களும் பூசைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறோம். யுபிஐ-யில் அனுப்பிய பணம் என்பதால் பரிவர்த்தனை எண்கள் இருக்கின்றன. இன்னும் ஒரு பைசா திரும்பவில்லை. நீங்களும் இதே ஆளிடம் கொடுத்திருந்தால் தள்ளிப்போடாமல் இன்றே புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

காசு வாங்கிக்கொண்டு ஒழுங்காகத் தேடித் தருபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாங்குவது தங்கள் நேரத்துக்கான கூலி. கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று எழுதித் தருவார்கள், எந்தெந்தத் தொகுப்பில் பார்த்தோம் என்றும் சொல்வார்கள். யாரிடம் கொடுத்தாலும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் காப்பகத்தின் குறியீட்டு எண்ணைக் கேளுங்கள். கடலில் இறந்தார் என்றால் அதற்கென்றே 1891-இலிருந்து பதிவேடு இருக்கிறது, கியூவில் அதன் குறியீடு பி.டி. 334. அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். போரில் இறந்து கல்லறை இல்லாத இந்திய மாலுமிகளுக்கு மும்பையில் 1914-1918 நினைவகம் இருக்கிறது. அதில் உள்ள பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் காசில்லாமல் தேடலாம். 1863-இலிருந்து 1938 வரையிலான பணியாளர் பட்டியல்களில் பெரும்பகுதி, ஏறக்குறைய 70 சதவீதம், லண்டனில் இல்லவே இல்லை. கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் காப்பகத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் லண்டனிலேயே எடுத்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் எங்கே, எந்தப் பெட்டியில் என்று கேளுங்கள்.

நாங்கள் இப்போது எங்கள் பங்குக் கோயிலிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறோம். ஞானஸ்நானப் புத்தகத்தில் தாத்தாவின் பதிவு லத்தீனில் இருக்கிறது. பங்குச் சாமியார் பொறுமையாக உட்கார்ந்து படித்துச் சொன்னார், காணிக்கைகூடக் கேட்கவில்லை. பிறந்த ஆண்டு உறுதியாகிவிட்டதால் 1915 பட்டியலில் வயதை வைத்துப் பலரைக் கழிக்க முடிகிறது. கொழும்பில் ஏறிய, பெர்னாண்டோ என்று எழுதப்பட்ட சிலர் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களில் தாத்தா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெரியம்மாவிடம் அப்படியேதான் சொல்லியிருக்கிறேன். பூசையை இனி நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

டிப்ளமேட் கப்பல் பெயரோடு அறிக்கை வாங்கிய குடும்பம் வேறு ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். புகாரில் சேர்க்க வேண்டும்.