18,500 ரூபாய் போச்சு: பழைய பேட்ஜ், ரிப்பன் சேர்க்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

பணம் திரும்பாது என்பது நேற்றுச் சாயங்காலம்தான் தெரிந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக வராமல் போகலாம்.

ஃப்ரீமேசன், ஆட்ஃபெலோஸ் மாதிரியான பழைய சகோதரச் சங்கங்களின் பதக்கங்களையும் ரிப்பன்களையும் ஒன்பது வருடமாகச் சேர்க்கிறேன். எழும்பூர் ஃப்ரீமேசன் ஹால் வழியாகப் போனால் ஒரு நிமிடம் நின்று பார்க்காமல் வரமாட்டேன். போன ஞாயிறு, சென்னையில் ஒரு பழம்பொருள் கடையில் இரண்டு உருப்படி காட்டினார்கள். ஒன்று, லாட்ஜின் (ஃப்ரீமேசன்களின் கிளைச் சங்கம்) முன்னாள் மாஸ்டர், அதாவது தலைவர், அணிகிற வெள்ளிப் பதக்கம். மூலைமட்டத்துக்குக் கீழே பிதாகரஸ் தேற்றப் படம் செதுக்கிய சின்னத் தகடு தொங்கும். பின்னால், இங்கிலாந்தில் வெள்ளியைச் சோதித்து அடிக்கும் முத்திரைகள்: பர்மிங்காமின் நங்கூரம், ஸ்டெர்லிங் வெள்ளிக்கான சிங்கம். இன்னொன்று, மூன்று கண்ணிச் சங்கிலி போட்ட அமெரிக்க ஆட்ஃபெலோஸ் ரிப்பன்.

கடைக்காரர் ரிப்பனை மெதுவாகத் திருப்பினார். பின்பக்கம் முழுக்கக் கறுப்பு, வெள்ளி எழுத்து. "ஊர்வலத்துக்கு அந்தப் பக்கம் சார். கூட்டாளி யாராவது செத்துட்டா இந்தப் பக்கம் தெரியுற மாதிரி குத்திக்குவாங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். இதைத் தெரிந்து சொன்ன இன்னொருவரை இந்த ஊரில் நான் சந்தித்ததே இல்லை. அந்த இடத்திலேயே நம்பிவிட்டேன். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று ஆஸ்திரேலியா போகும்போது கொடுத்ததாம். "அருமை தெரிஞ்சவங்க கைக்குப் போகட்டும்னு எடுத்து வெச்சிருந்தேன்" என்றார், டீயும் வரவழைத்தார். பதக்கம் 11,000, ரிப்பன் 7,500. பேரம்கூடப் பேசாமல் 18,500 ரூபாயை யுபிஐயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் என்று ஒரு துண்டுச் சீட்டு. "பழைய பொருள் 2" என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

ராத்திரி லென்ஸில் பார்த்தேன். முத்திரைகள் அடித்து இறங்கியவையாக இல்லை, வார்ப்போடு வந்த மாதிரி ஓரம் மழுங்கியிருந்தன. மறுநாள் சௌகார்பேட்டையில் தெரிந்த பத்தர் உரசிப் பார்த்தார். "பித்தளை சார், மேல வெள்ளி முலாம்." ரிப்பனில் பிரிந்திருந்த ஒரு நூலை நெருப்பில் காட்டினேன். பட்டு என்றால் முடி கருகும் வாடை வந்து சாம்பலாக உதிரும். இது உருகி உருண்டையாகத் திரண்டது. நூறு வருடப் பட்டு என்று எனக்கு விற்றது பாலியஸ்டர்!

போன் செய்தால், "ஆன்டிக்னா அப்படித்தான் சார்." நேரில் போனால், "முதலாளி ஊர்ல இல்ல." இரண்டாம் முறை போனபோது அதே ஆள், "நான் வெள்ளின்னு சொன்னேனா? சீட்டுல போட்டிருக்கா?" என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் பத்தர் சொன்னதை எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அப்புறம் பிளாக். நான் சம்பளக்காரன், 18,500 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை. நேற்றுக் கடைசியாகப் போனபோது, கண்ணாடி அலமாரியில் அச்சு அசல் அதே ரிப்பன் இன்னொன்று. அதைப் பார்த்ததால்தான் எழுதுகிறேன்.

சோதிக்கும் வழிகளை விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. பொருளின் பெயர், உலோகம், காலம் எழுதிய பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். லென்ஸ் கொண்டு போங்கள். வெள்ளி என்றால் முதலில் பத்தரிடம் காட்டுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லியிருக்கிறேன். கறுப்புப் பக்கத்தைத் திருப்பிக் காட்டிக் கதை சொன்னால், உடனே எழுந்து வந்துவிடுங்கள்.