வெள்ளம் கண்டவர்களுக்கு வில்லுப்பாட்டுப் பயிற்சி: போய்வந்தவளின் கருத்து

2023 டிசம்பர் வெள்ளத்தில் வீடு, தோட்டம், கால்நடை இழந்தவர்களுக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு சிறு கலைக்குழு ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லுப்பாட்டுப் பயிற்சி நடத்துகிறது. கட்டணம் நூறு ரூபாய், சுக்குக் காப்பியும் சுண்டலும் சேர்த்து. கொடுக்க இயலாதவர்களிடம் கேட்பதில்லை. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் எங்கள் வாழைத் தோட்டத்தைத் தாமிரபரணி மணலால் மூடிவிட்டுப் போனது. அதனால்தான் போனேன்.

குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி எங்களுக்குப் பாட்டு எதுவும் சொல்லித் தரவில்லை. வில்லுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து வீசுகோலைக் கையில் கொடுத்தார். நாணில் அடித்ததும் வில்லில் கட்டிய மணிகள் எல்லாம் சேர்ந்து குலுங்கின. அதிர்வு முழங்கை வரை ஏறியது. பிறகு அவரவர் வெள்ளத்து இரவை ஓர் அடியில் கட்டிப் பாடச் சொன்னார். அடி முடிந்ததும் மற்றவர்கள் 'ஆமா' போட வேண்டும்.

ஏரலிலிருந்து வந்த ஆச்சி ஒருவர் வெகுநேரம் வாயே திறக்கவில்லை. பிறகு வில்லோடு தாளம் தட்டும் குடத்தின் மேல் வைத்த கையை எடுக்காமலே, 'வெள்ளம் வந்த ராத்திரியில் வெள்ளாடு ஏழும் போனதம்மா' என்று இழுத்தார். ஆமா போட்டோம். மறுபடி பாடினார். அடுத்து ஆடுகளைப் பெயர் சொல்லியே பாட ஆரம்பித்துவிட்டார்: கருப்பி, சுட்டி, நொண்டிக்குட்டி. ஒவ்வொரு பெயருக்கும் ஆமா. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்று ஊரெல்லாம் பேசினார்கள். கருப்பி போனதை அவரிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

என் முறை வந்தபோது அழுகையில் பாதி அடி நின்றுவிட்டது. மீதியைப் பக்கத்தில் இருந்தவர்கள் பாடி முடித்தார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எத்தனையோ பேர். என் அடியை எடுத்துப் பாடியவர்கள் இவர்கள்தான். இசக்கியம்மன் கோயில் கொடை விழாவில், அநியாயமாகச் செத்தவளின் கதையை வில்லுப்பாட்டில் ஊரே விடிய விடிய உட்கார்ந்து கேட்பது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

குறையும் உண்டு. அழுகிறவர்களின் முகத்துக்கு நேரே செல்போன் நீட்டிப் படம் எடுத்தார்கள். அது கூடவே கூடாது. கடைசியில் ஒருவர் மைக் பிடித்து மனநலம் பற்றி நீளமாகப் பேசியதும் தேவையில்லை. பாடிய களைப்பில் யார் காதிலும் ஏறவில்லை.

ஏரல், ஆத்தூர்க்காரர்கள் பஸ் மாறி வந்து போவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. குழுவினர் மாதம் ஒருமுறையாவது வில்லையும் குடத்தையும் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரை ஊர்களுக்கே வர வேண்டும். எங்கள் ஊரில் என்றால், சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன்.