கிராண்ட்ஸ்ட்ரீம் ஹெச்டி 802: பெட்டி நல்லது, ரவுட்டர்தான் வம்பு

இரண்டு பழைய லேண்ட்லைன் போன்களை இணைய அழைப்புக்கு மாற்றித் தரும் கையடக்க அடாப்டர் இது. வைஃபை கிடையாது; ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்தே ஆக வேண்டும். பிடித்த அம்சம் குரல் மெனு. ரிசீவரை எடுத்து நட்சத்திரக் குறியை மூன்று முறை அழுத்தி, 02 போட்டால் ஐபி முகவரியை வாசித்துச் சொல்லும். அதை பிரவுசரில் தட்டினால் செட்டிங்ஸ் பக்கம்.

பெரும்பாலான தகராறு வீட்டு ரவுட்டரில்தான். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறதா? முதலில் ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜியை அணையுங்கள். இணைய அழைப்புக்கான எஸ்ஐபி செய்திகளுக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு, அவற்றிலுள்ள முகவரிகளைக் குழப்பிவைக்கும் வசதி அது. அழைப்பு சரியாக 32 நொடியில் அறுந்தால் அது தற்செயல் அல்ல. இணைப்பை உறுதிசெய்யும் ஏசிகே செய்தி எதிர்முனைக்குப் போய்ச் சேரவில்லை. அதற்கும் இதே வைத்தியத்தை முதலில் பாருங்கள்.

வெளியே பேச முடிகிறது, உள்ளே மணி அடிக்கவில்லையா? அழைப்புச் செய்திகள் உள்ளே வரும் வழி (யுடிபி) சும்மா கிடந்தால், பல ரவுட்டர்கள் அதை 30 நொடியிலேயே மூடிவிடும். அந்த வழி மூடாமலிருக்க அடாப்டர் அவ்வப்போது அனுப்பும் கீப்-அலைவ் செய்தியின் இடைவெளியை, அடாப்டரின் செட்டிங்ஸில் 20 நொடியாக வையுங்கள்.

குரல் வெட்டி வெட்டி வந்தால் அப்லோடைப் பாருங்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ் போதும். ஆனால் யாராவது வீடியோ ஏற்றும்போது திணறும். ரவுட்டரில் அடாப்டருக்கு முன்னுரிமை கொடுத்தால் சரியாகும்.

போன் போர்ட்டைச் சுவரிலுள்ள பழைய லைனில் மட்டும் செருகிவிடாதீர்கள். அதில் மின்சாரம் இருந்தால் போர்ட் கருகிவிடலாம்.