லண்டன் கியோட்டோ தோட்டம்: போனால் காலையிலேயே போங்கள்

போன வருடம் அக்டோபர் கடைசியில் மொரிஷியஸில் எங்கள் ஊரான காத்ர் போர்னிலிருந்து லண்டனுக்கு, சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலந்து பார்க்கில் இருக்கும் கியோட்டோ தோட்டத்தைப் பார்க்காமல் திரும்பாதே என்று அவர்தான் கூட்டிப் போனார். சுரங்க ரயிலின் சென்ட்ரல் லைனில் ஹாலந்து பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கும் தூரம்தான், டிக்கெட்டும் கிடையாது.

1991இல் திறந்தார்களாம், ஜப்பானின் கியோட்டோ நகர வர்த்தக சபையின் அன்பளிப்பு. உள்ளே போனதும் ‘இவ்வளவுதானா’ என்றுதான் தோன்றியது, ஒரு குளம், கற்களின் மேல் வழிந்து இறங்கும் சின்ன அருவி, கல் விளக்குகள், பத்து நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். நம் ஊர் சமரேல் அருவியை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் பாதை நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போவதால் ஒரு திருப்பத்தில் மறைந்த அருவி அடுத்த திருப்பத்தில் வேறு முகம் காட்டுகிறது, அதனால் நான் மூன்று சுற்று சுற்றினேன், சித்தி ஒன்றோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மேப்பிள் மரங்களைத்தான் சொல்ல வேண்டும். நம் ஊரில் டிசம்பரில் பிளாம்போயான் மரம் பூத்துச் சிவக்கும், சரி, ஆனால் இங்கே இலையே சிவந்து அது அப்படியே தண்ணீரில் விழுந்து கிடக்க, அதற்கடியில் கை நீளத்துக்கு ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோய் மீன்கள். நம் ஊர்ப் புனித ஏரியான கங்கா தலாவ் பழக்கத்தில் ரொட்டியைப் பிய்த்துப் போடக் கை வரும், போடாதீர்கள். மயில் ஒன்று யாரையும் சட்டை செய்யாமல் குறுக்கே நடந்து போனது, முருகன் கோயிலுக்கு வந்த மாதிரி சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார்!

குறை கூட்டம்தான். அருவிக்கு முன்னால் உள்ள கல் பாலம் குறுகல், பதினொரு மணிக்கு மேல் அதில் செல்ஃபிக்கு வரிசை கட்டி நிற்கிறார்கள், அருவிச் சத்தமே காதில் விழாது. அப்போது பேசாமல் பக்கத்தில் இருக்கும் ஃபுகுஷிமா தோட்டத்துக்குப் போய்விடுங்கள். ஜப்பானின் 2011 நிலநடுக்க, சுனாமிப் பேரிடரில் உதவிய பிரிட்டன் மக்களுக்கு நன்றியாக 2012இல் அமைத்தது, அங்கே ஆளே இல்லை. எனக்கு அதுதான் இன்னும் பிடித்தது.

5க்கு 4. அப்புறம், டீயை பிளாஸ்க்கில் கொண்டு போங்கள். வெளியே ஒரு கடையில் இரண்டு டீ குடித்தோம், அந்தப் பில்லைப் பற்றி சித்தி இன்னும் போனில் புலம்புகிறார்.